அம்மா யார் கையைப் பிடித்திருந்தார்?

கேள்வி:

நான் பள்ளி ஆசிரியை. வயது 51. எங்கள் அம்மா 1991 ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது நான் பிளஸ் டூ. அண்ணன் என்னைவிட நாலு வயது மூத்தவர். அம்மா இறந்த ராத்திரி கட்டிலருகே நான் மட்டும்தான் இருந்தேன். என் கையைப் பிடித்திருந்தார். பிடி தளர்ந்த நொடியை இன்றைக்கும் என் விரல்களில் உணர்கிறேன். அண்ணன் வேலைக்கான இன்டர்வியூவுக்குத் திருச்சி போயிருந்தார். விடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்.

போன வருடம் அம்மாவின் தெவசத்துக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது அண்ணன் தன் மருமகளிடம், “அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் உயிரை விட்டாங்க. தங்கச்சியைப் பாத்துக்கடான்னு சொன்னாங்க” என்று கண்கலங்கச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. “நீ அன்னிக்கு ஊர்லயே இல்லையே அண்ணா” என்றேன். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். சித்தப்பாவைக் கேட்டால், “நீங்க ரெண்டு பேருமே அங்க இல்ல. உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டு நான்தான் இருந்தேன்” என்கிறார். அன்றிலிருந்து அண்ணனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பெற்றவளின் கடைசி நேரத்தைப் பற்றிக்கூடவா ஒருவர் பொய் சொல்வார்? ஒரே சம்பவம் மூன்று பேருக்கு மூன்று விதமாக எப்படி நினைவிருக்கும்?

இன்னொரு பயமும் இருக்கிறது. ஒரு வருடமாக எனக்கு மறதி வந்திருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று திகைத்து நிற்கிறேன். இது மறதி நோயின் ஆரம்பமா?

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புச் சகோதரி, உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். சித்தப்பாவும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. உண்மை இன்னது என்று தெரிந்திருந்தும் வேறொன்றைச் சொன்னால்தான் அது பொய். உங்கள் அண்ணனுக்கு அந்தக் காட்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அதனால்தான் கண் கலங்கியிருக்கிறது. இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள். உங்கள் உறுதியும் சாட்சியம் ஆகாது. ஒரு நினைவு எத்தனை தெளிவாக இருக்கிறது, அதை எண்ணும்போது எத்தனை அழுகை வருகிறது என்பதை மட்டும் வைத்து, அது அப்படியே நடந்ததா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உளவியல் நினைவைப் பற்றிக் கண்டறிந்தவற்றில் ஏற்றுக்கொள்ள மிகக் கடினமானது இதுதான். உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் இதுதான்.

நடந்ததெல்லாம் மூளையில் எங்கோ முழுசாகக் கிடக்கிறது, தேடி எடுத்தால் போதும் என்று பெரும்பாலோர் நம்புகிறோம். உள்ளே போவதே கொஞ்சம்தான். கண்ணும் காதும் ஓயாமல் அள்ளித் தருவதில் நம் கவனம் விழுந்தது மட்டுமே தங்க வாய்ப்புண்டு. ஒரு நேரத்தில் மனம் ஏந்தி வைத்திருக்கக்கூடியவை ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதை நாலு என்று குறைத்தார். அன்றைக்கு ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கவனம் முழுக்க அம்மாவின் மூச்சிலும் முகத்திலும் இருந்திருக்கும். மணி என்ன, வாசலில் யார் நின்றார்கள், நர்ஸ் எத்தனை முறை வந்துபோனார் என்பவை பதிந்திருக்கவே மாட்டா. பதியாததைப் பிற்பாடு யாராலும் மீட்டெடுக்க முடியாது. அந்த வெற்றிடங்களை மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியது எது, பார்த்தது எது என்று நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

பதிந்தவையும் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம், தொட்ட உணர்ச்சி ஒரு பக்கம் என்று மூளையின் பல பகுதிகளில் சிதறியிருக்கிறது. அவற்றை ஒரு சம்பவமாக முடிச்சுப் போட்டுத் தருவதில் பெரும்பங்கு, இரு காதுகளுக்கும் உட்புறமாக மூளையின் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்புக்கு உண்டு. இதை உலகம் தெரிந்துகொண்டது ஒரு மனிதரின் துயரத்தால்.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை, அதைச் சுற்றியிருந்த திசுக்களோடு சேர்த்து அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரால் புதிய சம்பவம் எதையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பேசிக்கொண்டிருப்பார், அறிவு மங்கவில்லை, பழைய நாட்கள் பலவும் நினைவிருந்தன. சற்றுமுன் சந்தித்தவர் வெளியே போய்த் திரும்பி வந்தால் அவருக்குப் புது ஆள். மாண்ட்ரியாலிலிருந்து வந்து பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர்கூட ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

மில்னர் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். முதலில் யாருக்கும் கை தடுமாறும். மொலைசனுக்கும் தடுமாறியது, நாளுக்கு நாள் தேறி, மூன்றாம் நாள் திருத்தமாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் இதை ஒருமுறையேனும் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கை கற்றுக்கொண்டுவிட்டது, கற்ற சம்பவம் இல்லாமல் போய்விட்டது. நினைவு என்று நாம் ஒற்றைச் சொல்லால் அழைப்பது பல ஏற்பாடுகளின் கூட்டு என்பது அவரால்தான் உறுதிப்பட்டது. சைக்கிள் ஓட்டுவதைத் தாங்குவது ஒன்று, ‘இந்தியாவின் தலைநகர் டெல்லி’ என்ற அறிவைத் தாங்குவது ஒன்று, ‘அன்றைக்கு அங்கே நான் இருந்தேன்’ என்பதைத் தாங்குவது இன்னொன்று. உங்கள் வீட்டுத் தகராறு அந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது. மூன்றிலும் மிக எளிதில் உருமாறுவது அதுதான்.

உருமாறுவதை முதலில் முறையாகக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெட்ரிக் பார்ட்லெட். வட அமெரிக்கப் பழங்குடியினரின் ஆவிக்கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, நாட்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் திருப்பிச் சொல்லச் செய்தார். 1932இல் வெளியான அவருடைய நூலில் அந்த முடிவுகள் இருக்கின்றன. கதை சுருங்கியது. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. மரம் குடைந்த ஓடம் சாதாரணப் படகானது; கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பானது. படித்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான உலகத்துக்கு ஏற்றபடி கதையை மாற்றியிருந்தார்கள், மாற்றியதாக அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தெருக்கூத்தில் கர்ணமோட்சம் என்றால் கதை எல்லாருக்கும் தெரிந்தது, பாட்டும் பாடமானது. இடையில் பேசும் வசனம் மட்டும் அன்றைய இரவில் கூத்துக்காரர் வாயில் பிறப்பது, ஊருக்கு ஊர் மாறுவது. ஒன்றை நினைவுகூரும்போது மனம் செய்வதும் அதைப் போன்றதுதான். கதையின் எலும்புக்கூடு உள்ளே இருக்கிறது. சதையை அந்த நேரத்தில் வைத்துக் கட்டுகிறோம்.

நாம் கட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேச்சும் அதில் கலந்துவிடும். அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மாற்றினார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்ற பொருளில் கேட்கப்பட்டவர்கள் 51 என்றார்கள். அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். முதலில் ‘நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

ஒரு விவரம் மாறுவது இருக்கட்டும், முழுச் சம்பவமே முளைக்குமா? முளைக்கும். லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், அவர்கள் ஐந்து வயது வாக்கில் கடைவளாகத்தில் தொலைந்துபோய், அழுது, ஒரு முதியவரால் வீட்டாரிடம் சேர்க்கப்பட்டதாக ஒரு கதையைக் கொடுத்தார்கள். குடும்பத்தார் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு இதையும் சேர்த்திருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வீட்டார் உறுதி செய்திருந்தார்கள். ஆனாலும் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது முழுமையாகவோ ஓரளவோ நினைவுக்கு வந்தது. யாரும் அவர்களை மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. வீட்டுப் பெரியவர்கள் சொன்னது என்ற நம்பிக்கையே போதுமானதாக இருந்தது.

இதைப் படிக்கும்போது, கடைவளாகத்தில் தொலைந்ததும் பெற்ற தாயின் மரணமும் ஒன்றா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். நியாயமான கோபம். பெரும் அதிர்ச்சி தந்த நாட்களை மனம் அழுத்திப் பதிக்கும் என்று 1977இல் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் எழுதினார்கள். நம் கடலோர மாவட்டங்களில் யாரைக் கேட்டாலும் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் எங்கே இருந்தார்கள், யார் ஓடிவந்து சொன்னார்கள் என்று படமாக விவரிப்பார்கள். இந்த நம்பிக்கையை உல்ரிக் நைசர் சோதித்தார். அவருக்கே ஒரு காரணம் இருந்தது. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய செய்தியை, வானொலியில் பேஸ்பால் ஆட்ட வர்ணனையை நிறுத்தி அறிவித்ததாகச் சிறுவயது முதல் அவருக்கு நினைவு. அமெரிக்காவில் டிசம்பரில் பேஸ்பால் ஆட்டமே நடக்காது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரை மறுபடி எழுதச் சொன்னார்கள். 11 பேர் எழுதியதில் முக்கியமான விவரம் ஒன்றுகூட முதல் நாள் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் உறுதியாகத்தான் எழுதியிருந்தார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. புதியது அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

சமநிலைக்காக இன்னொன்றையும் சொல்கிறேன். 1989இல் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தபோது இதே நைசர் குழு, நேரில் அனுபவித்தவர்களையும் தொலைவில் அட்லாண்டாவில் செய்தியாகக் கேட்டவர்களையும் ஒப்பிட்டது. நேரில் இருந்தவர்களின் நினைவு மிக நன்றாக நின்றிருந்தது. ஆகவே எல்லா நினைவும் புனைவு என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் அம்மா அந்த ஆடி மாதம் அந்த ஆஸ்பத்திரியில் இறந்தார், அவர் கை உங்களில் ஒருவர் கையிலாவது இருந்தது, அவருக்கு உங்கள் இருவர் மேலும் கவலை இருந்தது ஆகியவை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். எந்த ராத்திரி, யார் கை, என்ன வார்த்தை என்பவைதான் இடம் மாறக்கூடியவை.

இடம் மாறும் என்பதை நியூசிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு நேரடியாகவே காட்டியது. மெர்சிடிஸ் ஷீன், சைமன் கெம்ப், டேவிட் ரூபின் மூவரும் 2001இல் வெளியிட்டது அது. 20 இரட்டையர் ஜோடிகளிடம் சில சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் கிளப்பும் சொந்த நினைவைச் சொல்லச் சொன்னார்கள். 14 ஜோடிகளில், ஒரே சம்பவத்தை ‘அது எனக்கு நடந்தது’ என்று இருவருமே உரிமை கொண்டாடிய நினைவு குறைந்தது ஒன்றாவது வெளிவந்தது. ஒரே போட்டியில் ஓடியது, ஒரே வீழ்ச்சியில் அடிபட்டது, எல்லாம் இருவருக்கும் சொந்தம். இரட்டையர் அல்லாத உடன்பிறப்புகளிடமும் இது உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, கதையின் உள்ளடக்கம் நிற்கிறது. அதை வாழ்ந்தேனா, கேட்டேனா என்ற தடயம் அழிந்துவிடுகிறது. மார்சியா ஜான்சன் என்ற உளவியலாளர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தத் தடயத்துக்கே செலவிட்டார்.

இப்போது உங்கள் அண்ணனை நினைத்துப் பாருங்கள். இருபத்தொரு வயது. இன்டர்வியூவுக்குப் போன இடத்தில் அம்மா போய்விட்டார். அன்று தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஒவ்வொரு தெவசத்திலும், வீட்டுக்கு வந்த ஒவ்வொரு உறவினரிடமும் நீங்கள் அந்தக் கடைசி நிமிடத்தைச் சொல்லியிருப்பீர்கள். அவரும் பக்கத்தில் இருந்து கேட்டிருப்பார். கேட்கும்போதெல்லாம் அந்தக் கட்டிலருகே தன்னை நிறுத்திப் பார்த்திருப்பார். எந்தப் பிள்ளைதான் பார்க்காமல் இருக்கும்? ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவிடம் விடைபெறும்போது உண்மையாகவே அவர் கையைப் பிடித்துத் ‘தங்கச்சியைப் பாத்துக்கடா’ என்று அம்மா சொல்லியிருக்கவும் கூடும். அந்தப் பகலும் நீங்கள் சொன்ன அந்த ராத்திரியும் காலப்போக்கில் ஒன்றாகியிருக்கலாம். அல்லது சித்தப்பா சொல்வதுபோல் அவர் உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்; அம்மாவின் கை தளர்ந்ததை அதற்கு முந்தைய ஒரு மயக்கத்தின்போது நீங்கள் உணர்ந்திருக்கலாம். இவற்றில் எது நடந்தது என்று கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தை வைத்து நான் சொன்னால் அதுதான் பொய்யாகிவிடும்.

திரும்பத் திரும்பச் சொன்னால் நினைவு கெட்டிப்படும் என்று நாம் நினைப்பதிலும் பாதிதான் உண்மை. 2000ஆம் ஆண்டில் நியூயார்க்கில் கரீம் நாதர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலியைக் கேட்டால் அதிர்ச்சி வரும் என்று கற்றிருந்த எலிகளுக்கு அந்த ஒலியை மறுபடி கேட்கச் செய்து, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை மூளையின் அச்சப் பகுதியில் செலுத்தினார்கள். அந்தப் பழைய அச்சம் மறைந்துவிட்டது. ஒலியைக் கேட்கச் செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தவற்றுக்கு அச்சம் அப்படியே இருந்தது. நினைவைக் கிளறும்போது அது சிறிது நேரம் இளகி, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது என்பது இதன் பொருள். ஆண்டுதோறும் நீங்கள் கண்ணீரோடு சொன்ன ஒவ்வொரு முறையும் அந்த நினைவு உறுதிப்பட்டிருக்கும். சற்று மாறியும் இருக்கும்.

இயற்கை ஏன் இப்படி ஓட்டை உடைசலாக வைத்தது என்று சிலர் என்னிடம் வருத்தப்பட்டுக் கேட்பதுண்டு. நான் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை அடிபட்ட, கே.சி. என்று ஆய்வேடுகளில் குறிக்கப்பட்ட ஒருவரை டொராண்டோவில் எண்டல் டல்விங் ஆராய்ந்தார். அவருக்கு உலக அறிவு இருந்தது, செஸ் ஆடத் தெரிந்தது. தன் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவம்கூட நினைவில்லை. நாளைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் மனம் வெறுமையாக இருந்தது. நேற்றைக் கட்டும் அதே ஏற்பாடுதான் நாளையையும் கட்டிப் பார்க்கிறது என்று டேனியல் ஷாக்டர் உள்ளிட்ட பலர் இப்போது கருதுகிறார்கள். துண்டுகளைப் பிரித்துப் புதிதாகச் சேர்க்க முடிவதால்தான் நாம் திட்டமிடுகிறோம், கற்பனை செய்கிறோம். உங்கள் அண்ணன் அந்தக் கட்டிலருகே போய்ச் சேர்ந்ததும் அந்தத் திறனால்தான்.

இனி என்ன செய்வது? யார் சொல்வது உண்மை என்று தெரிய வேண்டுமானால் முதலில் மூவரும் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள். ஒரே நிகழ்ச்சியைச் சற்று வேறுபட்ட இரு காட்சிகளாகக் கண்டவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிய பிறகு, அவர்களில் 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்த்தேயிராத விவரம் ஒன்றையாவது பார்த்ததாகச் சொன்னதை 2003இல் பியோனா கேபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஆளுக்கொரு தாளில், தனித்தனியாக, நினைவிருப்பதை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். பிறகு அந்தக் காலத்துக் காகிதங்களைத் தேடுங்கள். இன்டர்வியூ அழைப்புக் கடிதத்தில் தேதி இருக்கும். அண்ணன் வெளியூரில் இருந்தால் அவருக்குத் தந்தி போயிருக்கும், அல்லது யார் வீட்டுக்கோ போன் போயிருக்கும். அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். நாட்குறிப்பு, கடிதம், இறப்புச் சான்றிதழில் உள்ள தேதி ஆகியவை மனித நினைவைவிட நம்பத் தகுந்தவை.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், தேடவே வேண்டாம் என்பேன். இதில் சொத்து இல்லை, வழக்கு இல்லை, யாருக்கும் தண்டனை கிடைக்கப்போவதில்லை. நீதிமன்றமாக இருந்தால் துருவ வேண்டியதுதான், அமெரிக்காவில் டி.என்.ஏ. சோதனையால் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானவர்களின் வழக்குகளில் ஏறத்தாழ பத்தில் ஏழில், நேரில் பார்த்தவர் ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார். உங்கள் வீட்டில் நடப்பது அது இல்லை. ஒரு மகன் தன் தாயின் கடைசி மூச்சில் தானும் இருந்ததாக நம்புகிறார். அதை உடைத்தால் உங்களுக்கு ஒன்றும் கூடாது, அவருக்கு நிறையக் குறையும். உங்கள் நினைவை நீங்கள் விட்டுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. “எனக்கு வேற மாதிரி ஞாபகம் இருக்கு அண்ணா, உனக்கு எப்படி இருக்குன்னு முழுசாச் சொல்லு” என்று கேட்டு, இடைமறிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக அம்மா வாயால் கேட்ட நினைவைச் சுமக்கும் ஒருவரோடு ஓராண்டு பேசாமல் இருந்ததே போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டும் நோயின் அறிகுறியாகத் தெரியவில்லை. நாக்கு நுனியில் பெயர் நிற்பதை 1966இலேயே பிரவுனும் மெக்நீலும் மாணவர்களிடம் ஆராய்ந்தார்கள். இளைஞர்களுக்கும் வருவது, வயது ஏற ஏறக் கூடுவது. அடுப்படிக்குள் போய்த் திகைப்பதும் அப்படித்தான். ஒரு கதவைக் கடந்து வேறு அறைக்குள் போகும்போது, கையிலிருந்த எண்ணம் நழுவும் வாய்ப்பு கூடுவதைக் கேப்ரியேல் ராட்வான்ஸ்கி 2011இல் சோதனைகளில் காட்டினார். புதிய இடத்தைப் புதிய காட்சியாகத் தொடங்கும் மனம் முந்தைய காட்சியை ஓரங்கட்டுகிறது. கிளம்பிய இடத்துக்குத் திரும்பி நின்றால் பெரும்பாலும் நினைவு வரும்.

பிள்ளைகளின் பெயருக்கு ஒரு வழி சொல்கிறேன். வருகைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படிக்காதீர்கள். மூடி வைத்துவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து முகத்தை நினைத்துப் பெயரை வரவழையுங்கள். வராவிட்டால் மட்டும் திறந்து பாருங்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் இதை மாணவர்களிடம் அளந்தார்கள். ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தவர்களுக்கு ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவிருந்தது, ஒருமுறை படித்து ஒருமுறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. உங்கள் மாணவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பொதுத்தேர்வுக்கு முன் புத்தகத்தையே மறுபடி மறுபடி புரட்டி, எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஏமாறும் பிள்ளைகள் ஏராளம். முயற்சிகளுக்கு இடையில் ஒரு நாள், பிறகு சில நாள் என்று இடைவெளி விட்டால் இன்னும் நல்லது. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே ஆய்வுப் பொருளாக்கிப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து கண்டறிந்ததில் இதுவும் ஒன்று. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் கவனத்தில் தாங்கிக் காட்டியதும் நீண்ட பயிற்சியால் வந்ததே. பயிற்சி பெற்ற இடத்தில் மனித நினைவு வியக்கத்தக்க அளவு வளரும்.

மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டிய நிலை வேறு. பல ஆண்டு நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே சில நிமிடங்களில் மறுபடி மறுபடி கேட்பது, பழகிய சமையலின் வரிசை குழம்புவது, சில்லறைக் கணக்கு பிடிபடாமல் போவது, குணம் மாறிவிட்டதாக வீட்டார் சொல்வது. மறந்ததே நினைவில்லாமல், மற்றவர்கள் வந்து கவலைப்பட்டால் அதைக் கவனிக்க வேண்டும். நீங்களே உங்கள் மறதியைப் பட்டியலிட்டு எழுதியிருப்பது நல்ல அடையாளம். மாதவிடாய் நிற்கும் வயதில் பல பெண்களுக்கு இப்படிச் சிறு மறதி வருகிறது. தூக்கக் குறைவும் மனத்தாங்கலும் அதைக் கூட்டும். இந்த ஓராண்டில் உங்களுக்கு இரண்டுமே இருந்திருக்கும் என்று கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் பி12 சத்து குறைந்தாலும் நினைவு தடுமாறும். சைவ உணவு மட்டும் உண்பவர்களிடம் பி12 குறைபாடு அதிகம். இரண்டும் மருந்தால் சரியாகக்கூடியவை, இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம். முதலில் அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.